பத்து ரூபாய் சாமானுக்காக முழு போர்டையும் மாத்தணுமா?



இன்றைக்குப் பெரும்பாலான கூட்டமைப்பு அலுவலகங்களில் ஒரு கம்ப்யூட்டராவது இருக்கிறது. குழுக்களின் சேமிப்புக் கணக்கு, உள்கடன், வங்கிக் கடன் தவணை, தீர்மான நகல் எல்லாம் அதற்குள்தான். வீட்டிலும் அப்படியே. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, நம் பிள்ளைகள் பலர் கையில் லேப்டாப் வந்தது. அதில் பல, பள்ளி முடித்த பிறகும் வீட்டில் பீரோ மேலே தூசி படிந்து கிடக்கின்றன. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "போர்டு போயிடுச்சாம், மாத்தணுமாம்."

போர்டு மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று கடையில் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, கடன் வாங்கி மாற்றுகிறோம். இல்லையென்றால் மூலையில் போட்டுவிடுகிறோம். ஆனால் போர்டில் உண்மையில் கெட்டுப்போனது எது என்று கேட்கிறோமா? பல நேரம் அது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு சின்ன சாமானாக இருக்கும். விலை பத்து, இருபது ரூபாய்க்குள்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக நாம் ஏமாறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்க.

போர்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சை, நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு பலகை தெரியும். இதுதான் மதர்போர்டு. அதில் கோலம் போட்டதுபோல மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும. கரண்ட் போகிற பாதை அதுதான். அந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன சாமான்களை ஈயப் பற்றவைப்பில் ஒட்டியிருப்பார்கள். பாதை எங்கேயாவது அறுந்தாலும், ஒரு சாமான் கெட்டாலும் முழு கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

கோலத்தில் ஒரு புள்ளி அழிந்தால் நாம் முழு வாசலையும் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுவதில்லை. அந்தப் புள்ளியை மட்டும் வைத்துக் கோட்டைச் சேர்க்கிறோம். போர்டு ரிப்பேரும் அதேதான். கடைப் பலகையில் "சிப் லெவல் சர்வீஸ்" என்று எழுதியிருப்பார்களே, அதன் அர்த்தம் இதுதான். முழு போர்டை மாற்றாமல், கெட்ட சாமானை மட்டும் கண்டுபிடித்து மாற்றுவது.

நமக்குத் தெரிந்த கண்டென்சர்தான்!

வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் என்ன சொல்வார்? "கண்டென்சர் வீக்காயிடுச்சு, மாத்தினா சரியாயிடும்." நாம் முழு ஃபேனையும் தூக்கிப் போடுவதில்லை. கம்ப்யூட்டர் போர்டிலும் கண்டென்சர் உண்டு. கடையில் அதைக் கெப்பாசிட்டர் என்பார்கள். ஃபேனில் இருப்பது வேறு வகை, இது வேறு வகை. ஆனால் குடும்பம் ஒன்றுதான்.

அது என்ன வேலை செய்கிறது? நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்க. மோட்டார் தண்ணீரை விட்டு விட்டு ஏற்றும். ஆனால் தெருக் குழாயில் ஒரே சீராக வரும். நடுவில் தொட்டி தாங்கிப் பிடிக்கிறது. அதேபோல ஏறி இறங்கி வரும் கரண்டைத் தாங்கி, கம்ப்யூட்டரின் மூளைக்குச் சீராகக் கொடுப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை. அது கெட்டால் கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும், நடுவில் உறைந்து நிற்கும், கடைசியில் ஆன் ஆகவே ஆகாது.

இது உலகம் முழுவதும் நடந்த விஷயம். 1999 வாக்கில் தொடங்கி 2007 வரை தயாரான பல போர்டுகளில், கெப்பாசிட்டருக்குள் ஊற்றிய ரசாயனக் கலவை சரியில்லாமல் போனது. உள்ளே வாயு உண்டாகி, சாமான் உப்பி வெடித்தது. டெல் நிறுவனம் 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் இந்தக் கோளாறு வந்து, சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய நட்டத்துக்கும் காரணம் இந்தச் சின்ன டப்பாதான்!

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

முதலில் சுலபமான காரணங்களைப் பாருங்க. போர்டு மேல் பழி போடும் முன் இந்த நான்கையும் சோதிக்க வேண்டும்.

1. பிளக், சுவிட்ச், வயர் சரியா? வேறொரு பிளக்கில் மாட்டிப் பாருங்க.
2. மானிட்டர் வயர் நன்றாக மாட்டியிருக்கிறதா?
3. ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் போர்டில் உள்ள காசு மாதிரியான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றினால் போதும்.
4. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லையா? ரேம் என்கிற நீளப் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால் பல நேரம் வேலை செய்யும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் போர்டைப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்க. சின்னச் சின்ன டப்பா மாதிரி நிற்பவைதான் கெப்பாசிட்டர்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, பளபளப்பாக இருக்கும். கெட்டது அப்பளம் பொரிந்ததுபோல உப்பியிருக்கும். சிலவற்றில் தலையில் உள்ள கீறல் பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருக்கும். ஒன்றைப் பார்த்தாலே போதும், "இதுதான் கெட்டது" என்று நீங்களே சொல்லிவிடுவீங்க. ஆனால் உப்பாமலேயே கெட்டுப்போவதும் உண்டு. அதை மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

எச்சரிக்கை! கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதையும் யு.பி.எஸ்.ஸையும் நாம் திறக்கவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

எப்படி மாற்றுகிறார்கள்?

செய்வது மெக்கானிக்காக இருந்தாலும், எப்படிச் செய்கிறார் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் செல்போனில் போர்டைப் படம் எடுத்துக்கொள்வார். கெப்பாசிட்டருக்கு இரண்டு கால். பக்கத்தில் கோடு போட்ட கால் மைனஸ். திருப்பி மாட்டினால் கரண்ட் கொடுத்ததும் வெடிக்கும். அதனால் எந்தக் கால் எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்.

பிறகு போர்டின் பின்பக்கம் சால்டரிங் கம்பியை வைத்து ஈயத்தை உருக்குவார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றவைப்பு 183 டிகிரியில் உருகும். இப்போது வரும் ஈயம் கலக்காத பற்றவைப்பு 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். போர்டுக்குள் பல அடுக்கில் செம்பு இருப்பதால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். ரேடியோவுக்கு வைக்கும் 25 வாட் கம்பியால் இதைச் செய்யப் பார்த்தால் ஈயம் சரியாக உருகாது. அவசரப்பட்டு இழுத்தால் செம்புப் பாதை பெயர்ந்து வந்துவிடும். அதனால்தான் சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் வேண்டும்.

பழையதை எடுத்து, ஓட்டையைச் சுத்தம் செய்து, புதியதை வைத்துப் பற்றவைப்பார். புதியது எப்படி இருக்க வேண்டும்? மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது. ஒன்று உப்பியிருந்தால், அதே வரிசையில் உள்ள அதே வகையையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஒரே வயசு, ஒரே சூடு. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்று போகும்.

இந்த உதிரி சாமான்களுக்குப் பேர்போன இடம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய் வாங்கி வரலாம்.

நம்ம கடற்கரைக்கு இன்னொரு வில்லன்: உப்புக் காத்து

கோவளம் தொடங்கி தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருக்கிற சகோதரிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, சைக்கிள் எல்லாம் உள்ளூரில் இருப்பதைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதே காத்துதான் கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது.

உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். தூசியோடு சேர்ந்து போர்டு மேல் ஈரப் படலமாகப் படியும். அதில் கரண்ட் போகக்கூடாத இடத்தில் போகும். செம்பு பச்சைப் பூத்துவிடும், பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுகிற மாதிரி. கப்பலிலும் கடலோரத்திலும் வைக்கும் கருவிகளின் போர்டுக்கு வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு பூசுவது இதனால்தான். நம் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

- கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கம்ப்யூட்டரை வைக்காதீங்க.
- வாரக்கணக்கில் மூடி வைக்காதீங்க. தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும்.
- ஓடும்போது துணி போட்டு மூடாதீங்க. அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடுங்க.
- மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டுங்க. ஈரத்துணி வேண்டாம்.
- அலமாரிக்குள் அடைத்து வைக்காதீங்க. கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் 10 டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

லேப்டாப்பில் தண்ணீர் பட்டால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்க. அரிசி மூட்டைக்குள் வைப்பதால் உப்பு போகாது. கடல் தண்ணீர் பட்டால் உப்பைக் கழுவி எடுத்தால்தான் போர்டு பிழைக்கும். அதை அவர் அதற்கான திரவம் வைத்துச் செய்வார்.

புயலடிச்சா பிளக்கைப் பிடுங்குங்க

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் போய், திரும்ப வரும்போது ஏற்ற இறக்கத்தோடு வரலாம். அந்த ஒரு நொடியில் போர்டில் உள்ள சாமான் புகைந்துவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கரண்ட் வந்து பத்து நிமிடம் சீராக இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்க. அலுவலகத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்க.

லேப்டாப்பில் அதிகம் உடைவது எது?

சார்ஜர் பின் செருகும் துளைதான். பிள்ளைகள் வயரில் தடுக்கி விழுவார்கள், சார்ஜரோடு தூக்குவார்கள். உள்ளே பற்றவைப்பு விரிசல் விட்டுவிடும். "இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறுது" என்று பிள்ளை சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது சார்ஜர் வயர். முதலில் வேறு சார்ஜரில் பாருங்க. அதே வோல்ட் உள்ளதாக இருக்கட்டும். சில மாடலில் இந்தத் துளை தனி வயரோடு வரும், கழற்றி மாட்டினால் போதும். சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். எதுவானாலும் தள்ளிப்போடாதீங்க. உள்ளே பொறி பறந்து போர்டு கருகினால் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. எந்த சாமான் கெட்டிருக்கு? போர்டில் காட்டுங்க.
2. அதை மட்டும் மாத்த முடியாதா? ஏன் முடியாது?
3. மொத்தம் எவ்வளவு ஆகும்? எழுதிக் கொடுங்க.
4. சொன்னதைவிட அதிகமானா எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தானே செய்வீங்க?
5. மாத்தின பழைய சாமானைத் திருப்பித் தருவீங்களா?
6. எத்தனை நாளுக்கு வாரண்டி?
7. பில் தருவீங்களா?

முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல் "உங்களுக்குச் சொன்னாப் புரியாதும்மா" என்றால், வேறு கடைக்குப் போங்க. நேர்மையான மெக்கானிக் காட்டிச் சொல்லத் தயங்க மாட்டார். ஏமாற்றப்பட்டால் பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். ரிப்பேர் செய்து பயன்படுத்துவது நுகர்வோரின் உரிமை என்று சொல்லி, மத்திய அரசு 2022 டிசம்பர் 24-ல் இதற்கென ஓர் இணையதளமே தொடங்கியது.

இன்னொன்று மிக முக்கியம். போர்டு போனாலும் நம் கணக்கு போகாது! கணக்கெல்லாம் இருப்பது ஹார்டு டிஸ்க் என்ற தனிச் சாமானில். போர்டு ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வாங்கி அலுவலகத்தில் பூட்டி வையுங்க. அதில் உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் நகல் இருக்கும். அது நம்மை நம்பிக் கொடுத்தது. மாதம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டும்.

எப்போ புதுசு வாங்கலாம்?

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்ய முடியும் என்று சொல்லவில்லை. போர்டு விரிசல் விட்டாலோ, பல இடத்தில் கருகினாலோ, பச்சைப் பூத்து செம்புப் பாதை அரித்துப்போனாலோ விட்டுவிட வேண்டியதுதான். பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்றையும் பாருங்க. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பணக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டருக்கு இதையும் யோசிக்கணும். ரிப்பேர் செலவு, அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர் விலை, புதுசு விலை, இந்த மூன்றையும் எழுதி வைத்துக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்க. ஒருத்தர் மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

வீணான போர்டைக் குப்பையோடு கொளுத்தாதீங்க. அதில் ஈயமும் நச்சுப் பொருளும் உண்டு. புகை குழந்தைகளுக்குக் கெடுதல். அரசு அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் பொம்பளைங்க வேலையா?

நிச்சயமாக! ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் என்ற நிறுவனம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், பாட்டிகள்கூட, அங்கே சோலார் விளக்கின் சர்க்யூட் போர்டைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பொது மொழி இல்லை. நிறத்தையும் சைகையையும் வைத்தே ஆறு மாதத்தில் கற்றார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பிப்போய் விளக்கெரிய வைத்தார்கள்.

நம் பக்கத்திலேயே பாருங்க. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நடந்த நோக்கியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் செல்போன் தயாரித்தார்கள். செங்கல்பட்டும் ஸ்ரீபெரும்புதூரும் 2019 வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டம்தான். இன்றைக்கும் அந்தப் பகுதி எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். போர்டு தயாரிக்கிற கைக்கு ரிப்பேர் செய்யத் தெரியாமல் போகுமா? பொறுமை, நிதானம், கண் கூர்மை இதற்கு வேண்டும். பூ கட்டுகிறவர்களுக்கும் மீன் வலை பின்னுகிறவர்களுக்கும் அது ஏற்கனவே இருக்கிறது.

கற்க விரும்பினால் நம் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் ஆர்செட்டி பயிற்சி பற்றிக் கேளுங்க. வங்கிகள் நடத்தும் இந்த நிலையங்களில் செல்போன் ரிப்பேர், கம்ப்யூட்டர் ஹார்டுவேர் போன்ற பயிற்சிகள் இலவசம். எந்தப் பயிற்சி எப்போது என்று விசாரித்து, நம் பெண் பிள்ளைகளை அனுப்புங்க. பழகும்போது வீணான போர்டில் பழகட்டும். காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, புகையை முகராமல், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி விட்டுத்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் ஈயம் கலந்த பற்றவைப்பைத் தவிர்க்கணும்.

கூட்டத்தில் பேசுங்க

- நம் உறுப்பினர் வீடுகளில் ஓடாத லேப்டாப் எத்தனை இருக்கு? என்ன கோளாறு?
- கூட்டமைப்புக் கணக்கின் நகல் கடைசியாக எப்போது எடுத்தோம்? யாரிடம் இருக்கு?
- சிப் லெவல் வேலை நேர்மையாகச் செய்யும் மெக்கானிக் யார்? அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதலாமா?
- பயிற்சிக்குப் போக விருப்பமுள்ள பெண் நம் ஊராட்சியில் யார்?

அடுத்த தடவை யாராவது "போர்டு போயிடுச்சு" என்று சொன்னால், தயங்காமல் கேளுங்க: "போர்டில் எது?"